ஊர் அணியா, டிரிபிள் ஏ-வா?

கேள்வி (மேப்பிள் குரோவ், மினசோட்டா): என் மகனுக்கு 11 வயது. ஊர் அசோசியேஷனில் பீவீ பிரிவில் (11-12 வயது) ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். தனியார் டிரிபிள் ஏ (AAA) அணி ஒன்றின் கோச் இவனைக் கேட்கிறார். "ஊர் அணியையே நம்பியிருந்தால் பையன் தேறமாட்டான்" என்கிறார். ஊர் அணியை விட்டுவிட வேண்டுமா? இரண்டிலும் ஆடலாமா?

பதில்: விட வேண்டாம். இரண்டிலும் ஆடலாம், ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம்.

மினசோட்டாவில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஊர் அசோசியேஷனின் காலம். டிரிபிள் ஏ அணிகள் பெரும்பாலும் அந்த சீசன் முடிந்த பிறகு, வசந்தத்திலும் கோடையிலும் ஆடுகின்றன. இலையுதிர் காலத் தொடக்கத்திலும் கொஞ்சம் நடக்கும். அதனால் அந்தக் கோச்சிடம் "எந்த மாதங்கள்?" என்று முதலில் கேளுங்கள். ஏப்ரல் என்றால் உங்கள் ஊர் அணிக்கு ஒரு பாதகமும் இல்லை. டிசம்பர், ஜனவரி என்றால் உஷாராக இருங்கள். அந்த அணி தேசிய அமைப்பான யுஎஸ்ஏ ஹாக்கியில் பதிவானதா, மாநில அமைப்பான மினசோட்டா ஹாக்கி அதை ஏற்கிறதா, உங்கள் அசோசியேஷனின் விதி என்ன சொல்கிறது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. குளிர்காலத்தில் ஊர் அணியோடு தனியார் லீகிலும் ஆடலாமா என்ற சண்டை இங்கேயே ஈடைனா ஊரில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சிகாகோ, டெட்ராய்ட் பக்கமிருந்து குடிவரும் நம் குடும்பங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். அங்கே டிரிபிள் ஏ, அதாவது 'டியர் ஒன்' (Tier I), என்பது யுஎஸ்ஏ ஹாக்கியே வகுத்த குளிர்கால நிலை. நல்ல பையன் ஊர் அணியை விட்டு அங்கே போவது வழக்கம். மினசோட்டாவிலோ பிள்ளை தன் ஊருக்கு ஆடுகிறான். டிரைஅவுட்டில் (அணித் தேர்வில்) ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். பெரிய ஊர்களில் அதற்கு மேல் டபிள் ஏ உண்டு. அதுதான் இங்கே குளிர்காலத்தின் மேல்நிலை. வசந்தகால அணிகள் போட்டுக்கொள்ளும் 'டிரிபிள் ஏ' யாரும் தரம் பார்த்துக் கொடுத்த பட்டம் இல்லை. சில அணிகள் உண்மையிலேயே பிரமாதம். சிலவற்றில் செக் எழுதினால் இடம் கிடைத்துவிடும்.

"ஊர் அணியில் தேறமாட்டான்" என்ற பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. உங்கள் ஊரைச் சேர்ந்தவர்தான் பிராக் ஃபேபர். இன்று என்ஹெச்எல் எனும் தொழில்முறை லீகில் மினசோட்டா வைல்ட் அணிக்கு ஆடுகிறார். கனடா எல்லையை ஒட்டிய வாரோட் ஊரில் 2,000 பேர்கூட இல்லை, டி.ஜே. ஓஷி அங்கே உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடிவிட்டு என்ஹெச்எல்லுக்குப் போனவர். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்ற 20 பேரில் 12 பேர் மினசோட்டாக்காரர்கள். ஊர் அணிகளிலும் பள்ளி அணிகளிலும் வளர்ந்த தலைமுறை அது.

ஸ்குவர்ட் (பீவீக்கு முந்தைய வயதுப் பிரிவு) அணிக்கு நான் மேனேஜராக இருந்தபோது பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இந்த வயதில் பக் (ஆடும் ரப்பர் வட்டு) எவ்வளவு நேரம் பிள்ளையின் ஸ்டிக்கில் இருக்கிறது என்று பாருங்கள். பேர்பெற்ற அணியின் மூன்றாவது லைனில் (மூன்றாவதாக இறங்கும் குழுவில்) காத்திருப்பவனைவிட, ஊர் பி அணியில் ஓயாமல் பக்கைத் துரத்துகிறவன் அதிகம் கற்கிறான். ஜனவரியில் பூங்காவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த ரிங்க் இலவசம். பக்கத்தில் குளிர்காயும் அறையான வார்மிங் ஹவுஸ் பூட்டும் வரை அவனை அங்கே விடுங்கள்.

வசந்த அணியில் சேர்த்தால் ஐஸ் வாடகை, டோர்னமெண்ட் கட்டணம், ஹோட்டல் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். முழுக் கணக்கையும் முன்பே கேளுங்கள். அப்புறம், ஓய்வு. ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கு ஆண்டில் மொத்தம் 3 மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு வேண்டும், அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. குளிர்காலம் ஊருக்கு, ஏப்ரலும் மேயும் டிரிபிள் ஏ-வுக்கு, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நீச்சலோ கிரிக்கெட்டோ. என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன்.

கேள்வி (பிளைமவுத்): எங்கள் வீடு ஓர் ஊரில், மகள் படிப்பது வேறு ஊர்ப் பள்ளியில். எந்த அசோசியேஷனில் பதிவு செய்வது? நல்ல அணி உள்ள மூன்றாவது ஊர் ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது.

பதில்: அடிப்படை, வீடு இருக்கும் ஊர்தான். படிக்கும் பள்ளியை வைத்து அந்த ஊரில் ஆடவும் வழி உண்டு. இரண்டும் இல்லாத மூன்றாவது ஊர் என்றால் வெய்வர் (விதிவிலக்கு அனுமதி) வேண்டும்; உங்கள் ஊர் விடுவிக்க வேண்டும், அந்த ஊர் ஏற்க வேண்டும். டிரைஅவுட்டுக்கு நன்றாக முன்பே உங்கள் அசோசியேஷனின் பதிவாளருக்கு எழுதுங்கள். "அணி நன்றாக இருக்கிறது" என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் வெய்வர் கிடைப்பது கடினம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாம் ஒரே ஊரில் குவிந்தால், பக்கத்து ஊரில் பெண்கள் 12 வயதுப் பிரிவு அணிக்கே ஆள் சேராமல் போகும்.

கேள்வி (ஈகன்): பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். 'எலீட் லீக்' என்று சொல்கிறார்களே, அதில் சேர்ந்தால் பள்ளி அணியில் ஆட முடியாதா?

பதில்: தாராளமாக ஆடலாம். அப்பர் மிட்வெஸ்ட் ஹைஸ்கூல் எலீட் லீக் நடப்பது இலையுதிர் காலத்தில். அது முடிந்ததும் பிள்ளைகள் அவரவர் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1945-இல் தொடங்கிய மாநிலப் பள்ளிப் போட்டி இன்றும் அவ்வளவு ஆட்களை இழுக்கிறது என்றால், நல்ல வீரர்கள் திரும்பி வருவதும் ஒரு காரணம்.

கேள்வி (ஒரு தாய், உட்பரி): உடலால் மோதும் ஆட்டம் எப்போது தொடங்கும்? பயமாக இருக்கிறது.

பதில்: பீவீக்கு அடுத்த பேண்டம் பிரிவில் (13-14 வயது). பீவீயில் இருந்ததை 2011-இல் யுஎஸ்ஏ ஹாக்கி எடுத்துவிட்டது. உங்கள் அசோசியேஷன் செக்கிங் கிளினிக் (மோதும் ஆட்டத்துக்கான பயிற்சி வகுப்பு) நடத்தினால் தவறாமல் அனுப்புங்கள். மோதலை வாங்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு அடி குறைவாகப் படும். 2024 ஆகஸ்ட் 1 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கழுத்துக் காப்பும் கட்டாயம். போட்டுப் பார்த்து, கழுத்தோடு ஒட்டி நிற்பதையே வாங்குங்கள்.