கனிகொடுத்தல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் மூன்றிலும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த ஆண்டு அசனக் கணக்கும், அதாவது சபை விருந்தின் வரவுசெலவும், என்னிடம் வந்துவிட்டது. விடிகாலை நாலரை மணிக்கு ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஆண்டவரிடம் நிற்பதில்லை. அரிசி மூட்டைக் கணக்கு வருகிறது, யாரோ சொன்ன சொல் வருகிறது. பாடும்போது மட்டும்தான் நிற்கிறது. போன வாரம் என் மகள், "கோயிலில் மட்டும்தான் சிரிக்கிறீர்கள் அம்மா" என்றாள். இத்தனை ஊழியம் செய்தும் நான் கனியற்ற கொடிதானா? தேவன்மேல் நோக்கத்தை வைப்பது எப்படி?

ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 86ஆம் சங்கீதத்துக்குத் தாவீதின் விண்ணப்பம் என்று தலைப்பு. அதன் 11ஆம் வசனத்தில், "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று வருகிறது. ஒருமுகப்படுத்துகிறேன் என்று தாவீது சொல்லவில்லை, ஒருமுகப்படுத்தும் என்று கேட்கிறார். நாமோ மனத்தை முதலில் இழுத்துக்கட்டிவிட்டு, பிறகுதான் ஜெபம் என்று நினைக்கிறோம். அரிசி மூட்டை நினைவுக்கு வந்தால் அதை விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள். "ஆண்டவரே, இது என்னை அரிக்கிறது" என்று அதையே அவரிடம் சொல்லுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலைபார்த்த சகோதரர் லாரன்ஸ் இப்படித்தான் பழகினார். தேவனை மறந்துபோனது தெரிந்தால் ஒப்புக்கொள்வார், அதை நினைத்து நொந்துகொண்டிருக்காமல் அவரிடம் திரும்பிவிடுவார். நாற்பது முறை மனம் ஓடினால் நாற்பது முறை திரும்பி வாருங்கள். அந்தக் காலை வீணாகிவிடவில்லை.

இனி கனி. யோவான் 15இல் இயேசு பிதாவைத் தோட்டக்காரர் என்றும் தம்மைத் திராட்சச்செடி என்றும் நம்மைக் கொடிகள் என்றும் சொல்கிறார். அங்கே 4ஆம் வசனம் முதல் 10ஆம் வசனம் வரை, 'நிலைத்திரு' என்னும் வினை கிரேக்க மூலத்தில் பத்து முறை வருகிறது. அங்கே கனிகொடுங்கள் என்று கட்டளை இல்லை. என்னில் நிலைத்திருங்கள் என்பதுதான் கட்டளை. கலாத்தியர் 5:22-23இல் பவுல் சொல்லும் ஆவியின் கனியில் அன்பும் சந்தோஷமும் நீடியபொறுமையும் சாந்தமும் இருக்கின்றன. பொறுப்பும் பதவியும் இல்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதை மழுப்ப மாட்டேன். உங்கள் மகள் சொன்னது உண்மை. கனி பழுத்ததா என்பது முதலில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கனியற்ற கொடி என்று நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்வதும் சரியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அன்று கவாத்து. கல்தூண்களுக்கு மேலே கம்பிப் பந்தலில் படர்ந்திருந்த பச்சைக் கொடிகளைக் கத்தரியால் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நோயோ பூச்சியோ இல்லாத, நன்றாக விளைந்த கொடிகள். வெட்டிய முனைகளிலிருந்து நீர் சொட்டி என் தோளில் விழுந்தது. மதியத்துக்குள் பந்தல் மொட்டையாகி, கீழே வெயில் தரையில் அடித்தது. இப்படி வெட்டலாமா என்று கேட்டேன். "விட்டுவைத்தால் இலைதான் மண்டும், காய் பிடிக்காது" என்றார் தோட்டக்காரர். கவாத்து முடிந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்ற வசனத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கத்தரி கனிகொடுக்கிற கொடியின்மேல்தான் விழுகிறது என்பது அந்தப் பந்தலின் அடியில் நின்றபோதுதான் உறைத்தது.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓயாமல் ஓடியவர். 1931இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் வாழ்ந்தார். ஓட்டம் நின்றது, ஜெபமும் எழுத்தும் நிற்கவில்லை. அவருடைய புத்தகங்களில் பல அந்தப் படுக்கையில் பிறந்தவை.

உங்களுக்கு அப்படி ஒரு விழுகை வரவேண்டாம். நீங்களே கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். மறுக்கத் தெரியாத ஒரு பெண் கிடைத்தால் எல்லாச் சுமையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு 'அர்ப்பணிப்பு' என்று பெயர் வைக்கும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அசனம் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை உங்கள் போதகரான சேகர குருவிடம் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு சங்கப் பொறுப்புக்கும் வேறொருவர் வரட்டும். மிச்சமாகும் மாலைகளில் மகளோடு உட்காருங்கள். பாடகர் குழுவை மட்டும் விடாதீர்கள். பாடும்போது மனம் அவரிடம் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலை நாலரை மணிக்கு ஒரு பாட்டோடு தொடங்கிப் பாருங்கள்.

அன்புடன்.