டிஸ்கவுண்ட் 0 போட்டாலும் 10 விழுது, ஏன்?

கேள்வி: துணிக்கடை பில்லிங்குக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு ஸ்கிரீன் பண்ணிருக்கேன். டிஸ்கவுண்ட் பாக்ஸை காலியா விட்டா 10 சதவீதம் எடுத்துக்கணும், ஆனா கேஷியர் 0 அடிச்சாலும் 10தான் விழுது. பாக்ஸ்ல இருக்கறத நம்பரா மாத்தி || 10 போட்டிருந்தேன். அதை ?? ஆக்கினா இப்ப காலி பாக்ஸ் 0 ஆயிடுது. எது சரி?

பதில்: ரெண்டுமே இந்த இடத்துக்கு சரிவராதுங்க. || இருக்கே, அது இடதுபக்கம் மதிப்பு இருக்கா இல்லையான்னு பாக்காது, பொய்க் (ஃபால்ஸ்) கணக்குல வருதான்னுதான் பாக்கும், வந்தா வலதுபக்கத்தை எடுத்துக்கும், ஜாவாஸ்கிரிப்ட்ல 0, காலி ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத டெக்ஸ்ட்), நல், அன்டிஃபைன்ட் (ரெண்டும் மதிப்பே இல்லைன்னு சொல்றது), நேன் (நம்பரே இல்லைன்னு சொல்றது) எல்லாமே அந்தக் கணக்குதான், அதனால கேஷியர் தெரிஞ்சே அடிச்ச 0-வையும் தூக்கிப் போட்டுட்டு 10-ஐ எடுத்துக்குது. 2020-ல வந்த ?? நல், அன்டிஃபைன்ட் ரெண்டை மட்டும் பாக்கும், 0-வைத் தொடாது. அப்புறம் ஏன் சொதப்புது? நம்பரா மாத்தற Number ஃபங்ஷன் காலி ஸ்ட்ரிங்கையும் 0-ன்னுதான் குடுக்கும், வெறும் ஸ்பேஸ் இருந்தாலும் 0 தான்! ஆக ??-கிட்ட வந்து சேரும்போதே காலிக்கும் 0-க்கும் இருந்த வித்தியாசம் அழிஞ்சுபோச்சு.

அதனால மாத்தறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. ட்ரிம் பண்ணி (முன்னாடி பின்னாடி இருக்கற ஸ்பேஸை எடுத்துட்டு), காலி ஸ்ட்ரிங்கான்னு === (மதிப்பும் வகையும் ஒண்ணான்னு பாக்கறது) வச்சுப் பாருங்க, ஆமான்னா 10, இல்லன்னா நம்பரா மாத்துங்க, நேன் வந்தா எரர் காட்டுங்க, அதுக்கு மட்டும் டீஃபால்ட் குடுக்கவே குடுக்காதீங்க, பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

சர்வர் பக்கம் பிஹெச்பி மொழின்னா அங்கயும் ஒரு தடவை பாத்துடுங்க. "0"ங்கற ஸ்ட்ரிங் ஜாவாஸ்கிரிப்ட்ல உண்மை, பிஹெச்பில பொய், எம்ப்டி ஃபங்ஷன் அதைக் காலின்னே சொல்லும், இங்க காப்பாத்தின 0 அங்க போய் தொலைஞ்சுடும். ரூபி மொழியில 0 கூட உண்மைதான். பைத்தான்ல 3.5 வெர்ஷனுக்கு முன்னாடி நள்ளிரவு 12 மணியைக் குறிக்கிற டைம் ஆப்ஜெக்டே பொய்க் கணக்குல இருந்துச்சு, நேரம் குடுத்திருக்காங்களான்னு செக் பண்ற கோடு ராத்திரி 12-க்கு மட்டும் இல்லைன்னு சொல்லும், என்னைக் கேட்டா இந்த வகை பக்தான் ரொம்ப மோசம், பகல்ல டெஸ்ட் பண்ணா சிக்கவே சிக்காது.

இன்னொண்ணு, பாக்ஸ்ல இருந்து வர்றது ஸ்ட்ரிங், நேரா கூட்டினா "500" + 50 வந்து 50050 ஆயிடும், கழிச்சா மட்டும் ஒழுங்கா 450 வரும், அதனால டோட்டல் போடற இடத்தையும் பாருங்க. மாத்தி முடிச்சதும் காலி, 0, ஸ்பேஸ், ஏதாவது ஒரு எழுத்து, நாலையும் அடிச்சுப் பாத்துட்டு கடைக்குக் குடுங்க.