கியர் பாக்ஸை ஒற்றை ஆளாக இறக்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. மூன்றாம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. புதுப்பேட்டையில் ஒரு பழைய கியர் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டு போர்ட்டிகோவிலேயே நானே மாற்றிப் பார்க்க ஆசை. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது, மகன் வெளியூரில் இருக்கிறான். தனியாக முடியுமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: முடியும். ஆனால் வாங்கிய பிறகு கேட்கிறீர்களே! கியர் கழன்று வருகிறது என்றால் பெட்டிதான் போச்சு என்று அர்த்தமில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, என்ஜின் ஓடும்போது ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் சட்டென்று இழுத்து விடுங்கள். என்ஜின் துள்ளி எழுந்து உட்கார்ந்தால், என்ஜினைத் தாங்குகிற மவுன்டிங் ரப்பர் செத்துவிட்டது. என்ஜின் ஆடும்போது, கியர் லிவரைப் பெட்டியோடு இணைக்கிற கியர் ராடையும் சேர்த்து இழுக்கும், கியர் வெளியே வந்துவிடும். கியர் ராடின் நுனியில் உள்ள புஷ் தேய்ந்தாலும் இதே கதைதான். இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வாங்கி வந்த பெட்டியையும் தரையில் வைத்தே சோதித்துவிடுங்கள். கிளட்ச்சுக்குள் போகும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, எல்லாக் கியரிலும் போட்டுப் பாருங்கள். அந்த ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டினால் 'லொடக்' என்று ஆடக் கூடாது. வடிகிற ஆயிலில் ஒரு சொட்டை விரலில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். பித்தளைப் பொடி மினுமினுத்தால் உள்ளே சிங்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற வளையம்) தேய்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். போல்ட் போடும் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது அலுமினியம்.

சரி, வேலைக்கு வருவோம். போர்ட்டிகோ என்கிறீர்கள், அநேகமாக டைல்ஸ் தரையாக இருக்கும். ஜாக்கி டைல்ஸில் வழுக்கும், அல்லது டைல்ஸே உடையும். கனமான பிளைவுட் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி. தூக்கியதும் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து வண்டியை அதில் இறக்கிவிட வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை. கழற்றிய முன் சக்கரங்களை அப்படியே பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். அடியில் போவதற்கு முன் வண்டியைத் தோளால் முட்டி ஆட்டிப் பாருங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்கவே கூடாது. 650 கிலோ வண்டி சின்னதுதான், ஆனால் நெஞ்சின்மேல் சின்னதாக இருக்காது. வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது, ஆயில் வடிப்பது, கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு எல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்ட்டில் மட்டும் கவனம். நடுவில் பிடித்து இழுத்தால் ரப்பர் உறைக்குள் ஜாயின்ட் பிரிந்து வந்துவிடும். பெட்டியை ஒட்டிய இடத்தில் லிவர் கொடுத்து நெம்பினால் 'டப்' என்று கிளிப் விடுபடும். இரண்டு பக்க ஆயில் சீலையும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

பெட்டியின் மவுன்டிங்கைக் கழற்றினால் என்ஜின் அந்தப் பக்கம் சாயும். பானெட் திறந்த இடத்தின் இரண்டு ஓரங்களிலும் மரக்கட்டை வைத்து, குறுக்கே ஒரு இரண்டு இஞ்சு ஜி.ஐ. பைப் போட்டு, சங்கிலியால் என்ஜினைத் தொங்கவிடுங்கள். அதே பைப்பில் ஒரு தாம்புக் கயிறு கட்டிப் பெட்டிக்கும் ஒரு சுற்று கொடுத்துவிடுங்கள். அடியில் டிராலி ஜாக்கி, மேலே கயிறு. பெட்டியின் எடை எந்த நிமிஷத்திலும் உங்கள் கையில் இருக்கக் கூடாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறைப் பையன்கள் லீவு, திங்கள் காலை வண்டி வேண்டும் என்று பார்ட்டி நெருக்கடி. தனியாகவே ஏற்றினேன். ஷாஃப்ட் முக்கால்வாசி கிளட்ச் பிளேட்டுக்குள் போய்விட்டது, மீதி போகவில்லை. பெட்டியை அப்படியே ஷாஃப்ட்டில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து எப்படியோ தள்ளி முடித்தேன். ஸ்டார்ட் செய்தால் ஒன்றாம் கியர் விழவில்லை, 'கறகற' என்று கத்துகிறது. மறுபடி இறக்கினால், பெட்டியின் கனத்தில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து கிடக்கிறது. ஒரு டீக்கு ஒரு புதுப் பிளேட்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட இரண்டு உதவியாளர்கள் இவர்கள்: அதே மரையில் இரண்டு நீள போல்ட். தலையை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு, அறுத்த முனையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஒரு கீறல் போடுங்கள். என்ஜினின் மேல் ஓட்டைகள் இரண்டில் இவற்றை முடுக்கி, பெட்டியை அதன்மேல் ஏற்றித் தள்ளினால் தண்டவாளத்தில் போவதுபோல் நேராகப் போகும். வழியில் விட்டுவிட்டு டீயே குடிக்கலாம்.

கிளட்ச் பிளேட்டை சென்டர் பண்ண பிளாஸ்டிக் கம்பி கடையில் கிடைக்கும். அதைப் போட்டுத்தான், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும். அப்புறமும் கடைசி அரை இஞ்சு அடம் பிடித்தால், ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, கிராங்க் புல்லி நட்டை ஸ்பேனரால் கொஞ்சமாகத் திருப்பியபடியே முழங்காலால் பெட்டியைத் தள்ளுங்கள். பல் பல்லோடு சேர்ந்து உட்காரும். போல்ட்டை முடுக்கி இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி முடுக்கிக் காது உடைந்த பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு இறக்கிவிட்டு, கிளட்ச்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கைப் பழையதாகவே விடுவதும் கஞ்சத்தனம்.

முதல் தடவை என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். இருட்டிய பிறகு அடியில் படுக்காதீர்கள்.

கேள்வி: கியர் பாக்ஸுக்கு விலை கூடிய ஜி.எல்.5 தர கியர் ஆயில் ஊற்றினால் நல்லதுதானே? (வாசகர், ஓசூர்)

பதில்: உங்கள் வண்டிப் புத்தகம் ஜி.எல்.4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்.5 ஆயிலில் கந்தகம் கலந்த சரக்கு அதிகம், அது பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். வண்டி சமமாக நிற்கும்போது லெவல் பிளக் ஓட்டையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஏற்றி முடித்த சந்தோஷத்தில் ஆயிலே ஊற்றாமல் ஓட்டிப் போனவர்களும் உண்டு. ஸ்டியரிங்கில் 'ஆயில் இல்லை' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் உங்கள் பத்தியைப் படித்துவிட்டு எங்கள் பழைய காரில் தானே கிளட்ச் மாற்றினார். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் இரண்டு சின்ன போல்ட்டும், ஒரு மெல்லிய தகடும் மிச்சம். 'அது தேவையில்லாதது' என்கிறார். நம்பி ஏறலாமா? (பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: ஏறலாம் தங்கச்சி, ஆனால் தேவையில்லாதது என்று சொன்னதை மட்டும் நம்பாதே. அரைவட்டமாக வெட்டிய தகடு என்றால், அது கிளட்ச்சுக்குக் கீழே மூடுகிற தகடு. அது இல்லாவிட்டால் மழையில் சேறும் தண்ணீரும் கிளட்ச்சுக்குள் தெறிக்கும். பெரும்பாலான வண்டிகளில் மறுபடி எதையும் இறக்க வேண்டியதில்லை, அடியிலிருந்தே மாட்டிவிடலாம். அவர் அடியில் போகும்போது ஸ்டாண்டு கொடுத்திருக்கிறாரா என்று நீ ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்.