நூலக அசைன்மென்ட்: மாணவர்கள் உண்மையிலேயே தேட வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது?

நூலகத்துக்குப் போய் எழுதிவரச் சொன்னாலும் மாணவர்கள் நெட்டில் கிடைத்ததைக் காப்பியடித்துக் கொண்டுவருகிறார்கள், அசைன்மென்ட்டை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இளங்கலை வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 'மதுரையின் வரலாறு, பத்துப் பக்கம்' என்று கொடுத்தால் காப்பிதான் வரும். அந்தப் பத்துப் பக்கத்தை யாரோ எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மூன்று ஆதாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை வரும்படி கேள்வியை அமையுங்கள்.

நான் கொடுப்பதில் ஒன்று இது: '1901-க்கும் 2011-க்கும் இடையே மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு கூடியது?' முதல் எண்ணுக்கு, டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906-இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் சென்சஸ் அறிக்கையில் கிடைக்கும். 1901-இல் 28 லட்சத்துச் சொச்சம், 2011-இல் 30 லட்சத்துச் சொச்சம். 110 வருடத்தில் இரண்டு லட்சம் பேர்தான் கூடினார்களா?

சிலர் உடனே பஞ்சம், காலரா, பிழைக்கப் போனவர்கள் என்று காரணம் எழுதிவிடுவார்கள். கெசட்டியரைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் தாலுகாப் பட்டியலில் நின்றுவிடுவார்கள். திண்டுக்கல், பழனி, பெரியகுளம் எல்லாம் அதில் இருக்கும். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் இருக்கும். 1910-இல் ராமநாதபுரம் தனி மாவட்டமானது, 1985-இல் திண்டுக்கல், அப்புறம் தேனி. அப்படியென்றால் ஒப்பிட்ட இரண்டும் ஒரே நிலப்பரப்பு அல்ல. இது பிடிபட்ட பிறகுதான் அடுத்த தேடலே தொடங்குகிறது. இன்றைய மாவட்ட எல்லைக்குச் சரிக்கட்டி, 1901 முதல் பத்தாண்டுவாரியாக மக்கள்தொகையைச் சொல்லும் அட்டவணை ஒன்றை சென்சஸ் துறையே வெளியிடுகிறது. எதற்காக அது வேண்டும் என்று புரிந்தவர்களுக்குத்தான் அப்படி ஒன்றைத் தேடவே தோன்றும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

கெசட்டியர் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் மிரளுவார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், முழுப் புத்தகத்தையும் படிக்கச் சொல்லாதீர்கள். மக்களைப் பற்றிய அத்தியாயமும் அவரவர் ஊரைப் பற்றிய பத்தியும் போதும். மேலூர்ப் பையனுக்கும் திருமங்கலத்துப் பெண்ணுக்கும் சொந்த ஊர்ப் பெயரை அச்சில் பார்த்ததும் ஆங்கிலம் அவ்வளவு பயமுறுத்தாது.

'நெட் பார்க்கக் கூடாது' என்ற நிபந்தனை வேண்டாம். அந்தக் கெசட்டியரே இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகக் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுத் தளமான சோத்கங்காவில் இருக்கின்றன, பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. யார் எழுதியது, எந்த வருடம், எதை வைத்துச் சொல்கிறார் என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஏஐ தரும் பதிலுக்கும் இதே சோதனைதான்.

ஆனாலும் ஒரு வகுப்பையாவது அலமாரி முன்னால் நடத்துங்கள். பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகமென்றால் 954.82-க்குக் கூட்டிப்போனால் தமிழ்நாட்டு வரலாறு வரிசையாக நிற்கும். தேடி வந்த புத்தகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தாலும் அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவை அதே பொருளைப் பற்றியவைதான். மூன்றாம் ஆண்டு வரைக்கும் இதை யாரும் சொல்லித்தராத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், வருத்தமான விஷயம்.

மதிப்பெண்ணில் பாதியைத் தேடல் குறிப்புக்கு வையுங்கள். எங்கே தேடினார்கள், எது கிடைக்கவில்லை, எதை ஏன் தள்ளினார்கள் என்று இரண்டு பக்கம். இதைக் கட்டுரைக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிட்டால், தடம் மாறிப் போகிறவர்களை நேரத்தோடு திருப்பிவிடலாம்.

கேள்வியைக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். அறுபது பேர் ஒரே பிரதிக்காக வரிசையில் நின்றால் முதல் ஆள் எடுத்துப்போனதோடு சரி. நூலகரிடம் ஒரு வாரம் முன்பே கேள்வித்தாளைக் கொடுத்து, தேவையான புத்தகங்களை வெளியே விடாமல் ரெஃபரன்ஸ் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் இல்லாதவற்றுக்கு, 2023-இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.