நீர்வண்ணம் சீராகப் பரவ: மீடியங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வண்ணத்தைப் பூசியதும் அது தாளில் பரவாமல் முத்து முத்தாக ஒதுங்கி நிற்கிறது. எந்த மீடியத்தை, அதாவது வண்ணத்தின் தன்மையை மாற்றக் கலக்கும் துணைப்பொருளை, சேர்க்க வேண்டும்?

பதில்: மீடியத்தை வாங்குவதற்கு முன் அதே தாளின் ஒரு மூலையில் வெறும் நீரைத் தடவி, சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தாள் நீரை உடனே உறிஞ்சிவிடாமல் இருப்பதற்காக அதில் ஜெலட்டின் போன்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள்; அதைத்தான் சைசிங் என்கிறோம். அது மிகுதியாக இருந்தால் நீர் தாள் முழுவதுமே ஒதுங்கும். ஓரிரு இடங்களில் மட்டும் ஒதுங்கினால் அது பெரும்பாலும் விரலின் எண்ணெய்ப் பசை. சைசிங் மிகுந்த தாளை முதலில் நீரால் நனைத்துச் சில நிமிடங்கள் விட்டாலே பல நேரம் போதும். அதற்குப் பிறகும் ஒதுங்கினால் ஆக்ஸ் கால் எனப்படும் மாட்டுப் பித்தநீரைப் பயன்படுத்தலாம். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், துளியாகத் திரள முயலும் நீர் தட்டையாகித் தாளின் இழைகளுக்குள் இறங்குகிறது. வண்ணம் கலக்கும் அரைக் கோப்பை நீருக்கு மூன்று நான்கு சொட்டுகளில் தொடங்குங்கள். நேர்மாறாக, சைசிங் கெட்டுப்போன பழைய தாள் வண்ணத்தைத் தொட்ட இடத்திலேயே குடித்துவிடும். அதற்குப் பித்தநீரைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கேள்வி: கம் அராபிக் சேர்த்தாலும் வண்ணம் நன்றாக ஓடும் என்கிறார்களே?

பதில்: இல்லை, அது செய்வது ஏறத்தாழ எதிர்வேலை. நீர்வண்ணத்தில் நிறமித் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பதே அந்தப் பிசின்தான். கூடுதலாகச் சேர்க்கும்போது கலவை சற்றுக் கெட்டியாகி, ஈரத்தாளில் இட்ட வண்ணம் கட்டுக்கடங்கி நிற்கும். பளபளப்பும் ஒளி ஊடுருவும் தன்மையும் கூடும். காய்ந்த பிறகு ஈரத்தூரிகையால் வண்ணத்தை ஒற்றியெடுப்பதும் எளிதாகும். அந்தக் கடைசிக் குணமே தொல்லையும் தரும். மேலே அடுத்த அடுக்கைப் பூசும்போது கீழ் அடுக்கு கரைந்து கலங்கும். அளவு மீறினால் காய்ந்த படலம் வெடிக்கவும் கூடும்.

கேள்வி: பித்தநீருக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விடலாமா?

பதில்: அதுவும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள வாசனைப் பொருளும் சாயமும் தாளிலேயே தங்கிவிடும். நுரைக்குமிழிகள் வாஷில், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரப்பிய பூச்சில், சிறு வட்டங்களாகப் பதியும். பயிற்சித் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய வானத்தைத் தீட்டும்போது பாதியிலேயே காய்ந்து கோடு விழுகிறது. ஓட்டம் போதவில்லையா?

பதில்: ஓட்டம் வேறு, காயும் வேகம் வேறு. இங்கே குறை இரண்டாவதில்தான் இருக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைத்துக் காய்வதைத் தாமதப்படுத்தும். ஆனால் இரண்டொரு சொட்டைத் தாண்டினால், குறிப்பாகக் காற்றில் ஈரம் மிகுந்த நாளில், படம் பிசுபிசுவென்று காயாமலே கிடக்கும். என்னைக் கேட்டால், மீடியத்தைத் தொடுவதற்கு முன் தேவைக்கு மேலாகவே வண்ணத்தைக் கலந்து வைத்துக்கொண்டு, பலகையைச் சற்றுச் சாய்த்து, பெரிய தூரிகையால் இழுக்கச் சொல்வேன். ஒவ்வோர் இழுப்பின் கீழ் விளிம்பிலும் ஈரம் திரண்டு ஒரு வரம்பாக நிற்கும். அடுத்த இழுப்பு அந்த வரம்பைத் தொட்டுக் கீழே இறக்க வேண்டும். அது உலர்ந்த இடத்தில்தான் உங்களுக்குக் கோடு விழுகிறது.

கேள்வி: எல்லா வண்ணங்களுக்கும் ஒரே அளவு மீடியம் போதுமா?

பதில்: போதாது. தாலோ நீலம், குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் ஆகியவற்றின் துகள்கள் மிக நுண்மையானவை. ஈரத்தாளில் அவை தாமாகவே பாய்ந்து பரவும். அவற்றோடு பித்தநீரையும் சேர்த்தால் விளிம்பு உங்கள் கைக்குள் நிற்காது. செரூலியன் நீலம் போன்ற கனமான நிறமிகள் இட்ட இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அங்கே சில சொட்டுகள் உதவும். பித்தநீர் மிகையானால் எந்த வண்ணத்தின் வாஷும் உயிரற்றுத் தட்டையாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: விலங்குப் பொருள் இல்லாத மாற்று உண்டா?

பதில்: உண்டு. செயற்கைப் பித்தநீர் என்றே கிடைக்கிறது, வேலையும் அதேதான்.

கேள்வி: என் புதிய பிளாஸ்டிக் பேலட்டிலும் வண்ணம் துளித்துளியாகத் திரள்கிறது. அதற்கும் மீடியம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் நீர் ஒட்டாததுதான் காரணம். பற்பசையை மென்துணியில் எடுத்துக் கலக்கும் பள்ளங்களை மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள்.