ஆழ்கடல் மீன்கள் அவ்வளவு அழுத்தத்தில் நசுங்காமல் இருப்பது எப்படி? மேலே கொண்டுவந்தால் வெடித்துவிடுமா?

வெடிக்காது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எனக்கு ஊர் குளச்சல் பக்கம், மாமா தூண்டில்காரர். 50 பாக ஆழத்தில் கிடக்கும் பாரிலிருந்து, அதாவது கடலடிப் பாறைத்திட்டிலிருந்து, களவா மீன் பிடித்து வருவார். வள்ளத்தில் கிடக்கும்போதே கண் இரண்டும் பிதுங்கி, வயிறு உப்பி, வாயிலிருந்து இளஞ்சிவப்பாக பலூன் மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நான் குடல் என்றே நினைத்திருந்தேன். "குடல் இல்ல மக்களே, அது இரைப்ப. உள்ள இருக்க காத்து பெருத்துத் தள்ளுது" என்று அதை அறுத்துக் காட்டியவர் மாமாதான்.

கணக்கு இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 50 பாகம் என்றால் சுமார் 90 மீட்டர், கரையில் இருப்பதைப்போல் 10 மடங்கு அழுத்தம். அங்கே மீனின் காற்றுப்பையில் அரை கிளாஸ் காற்று இருந்தால் மேலே வருவதற்குள் அது ஐந்து கிளாஸ் ஆகப் பார்க்கும், அதற்கு உள்ளே ஏது இடம்? அதே தூண்டிலில் சுறா விழுந்தால் ஒன்றும் ஆகாமல் வந்து வாலால் அடிக்கும். அதற்குக் காற்றுப்பையே கிடையாது, மிதக்க உதவுவது ஈரல் எண்ணெய்.

அதாவது அழுத்தத்துக்கு அடங்குவது காற்றுதான், தண்ணீர் லேசில் அடங்காது. 10,900 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில்கூட தண்ணீர் 5 சதவீதம் அளவுக்குத்தான் சுருங்குகிறது. காற்றடைத்த தெர்மாகோல் கப்பை ஆழத்துக்கு அனுப்பினால் குட்டியாகச் சுருங்கித் திரும்பும். மீனின் சதை பெரும்பாலும் தண்ணீர், உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், அப்புறம் எதை நசுக்குவது?

சிக்கல் வருவது இன்னும் நுணுக்கமான இடத்தில். ஒன்று, அழுத்தத்தில் உடம்பின் கொழுப்பு இறுகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும், சாளை மீன் எண்ணெய் உறையாது, இல்லையா? ஆழ்கடல் உயிர்களின் செல் சவ்வில் இருப்பது இந்த உறையாத வகைக் கொழுப்பு. இன்னொன்று, புரதங்கள் வடிவம் கெட்டு வேலை செய்யாமல் போகும். அதற்குக் காவல் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள். ஆழம் கூடக் கூட மீனின் உடம்பில் இதுவும் கூடும். நமக்குத் தெரியாத சரக்கு இல்லை இது, கடல்மீன் செத்தபின் பாக்டீரியா இதை உடைப்பதால்தான் அந்த மீன் நாற்றம். உடைந்து வருவது அமிலத்துக்கு எதிரான காரப்பொருள், புளியில் இருப்பது அமிலம், அதனால்தான் குழம்பில் புளி விட்டதும் நாற்றம் அமுங்குகிறது.

ஆனால் இந்தக் காவலுக்கும் ஒரு எல்லை உண்டு. சாதாரணக் கடல்மீனின் இரத்தம் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால் 8,200 முதல் 8,400 மீட்டருக்குள் இரத்தத்திலும் கடல்நீரிலும் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு சமமாகிவிடும், அதையும் தாண்டினால் கடல்நீர் உடம்புக்குள் ஏற ஆரம்பிக்கும் என்கிறார்கள். 2022இல் ஜப்பான் பக்கத்து அகழியில் நத்தைமீன் ஒன்றைப் படம்பிடித்தார்கள், 8,336 மீட்டரில். அதைவிட ஆழத்தில் இதுவரை எந்த மீனும் கேமராவில் விழவில்லை. கடல்வெள்ளரி, இறால் சாயலில் இருக்கும் சின்ன உயிர்கள் எல்லாம் மரியானா அடிமட்டம் வரை இருக்கின்றன.