26ஆவது இடத்து எழுத்து

அன்பின் ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தேன். இசட் புள்ளி வைத்திய பீடத்துக்குப் போதவில்லை. மூலக்கூற்று உயிரியல் படிக்கப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிட்டது. அப்பா உங்களையே உதாரணம் காட்டுகிறார். "அவர் முதலில் மரபணு என்றார், பிறகு கணினி என்றார், இப்போது மீன் செதில் என்கிறார். ஒன்றிலும் நிலைக்காத வேலையா உனக்கு?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

அன்பின் மகள்,

அப்பாமேல் கோபப்படாதீர்கள். பிள்ளையின் நாளைய சோற்றை நினைத்துக் கேட்கிறார். ஆனால் நான் துறை மாறவில்லை. ஒரே கேள்வியின் பின்னால்தான் இத்தனை ஆண்டும் நடந்திருக்கிறேன்: மரபணுவில் ஓர் எழுத்து பிழையானால் உடம்பில் என்ன நடக்கிறது?

தொடக்கம் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டாச் சங்கிலியில் மணி கோத்ததுபோல 146 அமினோ அமிலங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மரபணுவில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். 26ஆவதுக்குரியது ஜி.ஏ.ஜி. முதல் ஜி, ஏ ஆகிவிட்டால் அது ஹீமோகுளோபின் ஈ. அது மட்டும் இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இதுவும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் சேர்ந்து வந்துவிட்டால், பல பிள்ளைகள் இரத்தம் ஏற்றிக்கொண்டே வளர வேண்டியிருக்கிறது. மரபணுக்களைப் பற்றிய இந்த இயலை நம் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடிந்ததில்லை.

பிறகு 2022 வந்தது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மறை 20 பாகையில் இருக்க வேண்டிய நொதியங்களை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் காத்தோம். காலையில் மூடியைத் திறந்தால் குப்பிகள் தண்ணீரில் மிதக்கும். புதிதாக வாங்க டொலர் இல்லை. கை கட்டி உட்கார மனமில்லாமல், மின்சாரம் இருந்த நேரங்களில் கணினியில் மரபணுத் தரவுகளை வாசிக்கப் போனேன்.

அங்கேதான் எஸ்.டி.யு. என்ற மூன்றெழுத்தைக் கண்டேன். ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகுதிகளை, அதாவது ஒவ்வொருவரின் முழு மரபணு எழுத்துகளையும், வெளியிட்டது. அவற்றில் ஒரு குழு, ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர். அந்தக் குறிதான் எஸ்.டி.யு. போரும் வறுமையும் துரத்திக் கடல் கடந்த நம் உறவுகளின் இரத்தம், உலகில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்பாக இருக்கிறது. வெள்ளவத்தையில் வாடகை அறையில் அதைத் திறந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை வாசிக்க நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

செதில் எப்படி வந்தது? கொலாஜனால். எலும்பு, தோல், தசைநாண் எல்லாவற்றையும் தாங்கும் புரதம் அது. மூன்று இழைகள் தும்புக்கயிறு போல முறுகி நிற்கும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருக்க வேண்டும். மிகச் சிறிய அமினோ அமிலம் அது ஒன்றுதான். முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. ஒரு கிளைசின் மாறினாலே எலும்பு நொறுங்கும் நோய் வரலாம். அதே ஓர் எழுத்துப் பிழை, இம்முறை கைக்கு எட்டும் பொருளாக!

மீன் செதிலிலும் கொலாஜன் உண்டு. குளிர்கடல் மீனின் கொலாஜன் சிறு சூட்டிலேயே முறுக்கவிழ்ந்துவிடும். நம்முடையதைப் போன்ற வெப்பக்கடல் மீனினுடையது அதைவிடத் தாங்கும். காயத்தில் புதுக் கலங்கள் பற்றிப் படர, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல ஒரு தாங்கி வேண்டும். அதற்கு இந்தக் குணம் பெரிய உதவி. சந்தையில் மீன் வெட்டுபவர் கூட்டித்தள்ளும் செதிலை நான் பையில் வாங்கி வருவது இதற்காகத்தான்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே பதவிகள் குறைவு. கலாநிதிப் பட்டம் முடிய நீண்ட காலம் எடுக்கும். பலர் அதற்காக வெளிநாடு போகிறார்கள். புள்ளிவிவரவியலையும் பைதான் என்ற கணினி மொழியையும் இப்போதே படியுங்கள். ஆய்வு கிடைக்காத காலத்திலும் அவை சோறு போடும்.

இன்றிரவு ஒன்று செய்யுங்கள். ஜென்பேங்க் என்ற மரபணுத் தரவுத்தளத்தில் எச்.பி.பி. என்று தேடுங்கள்; பீட்டாச் சங்கிலி மரபணுவின் பெயர் அது. ஏ.டி.ஜி. என்ற தொடக்கக் குறியீட்டை விட்டுவிட்டு, மும்மூன்று எழுத்தாக 26 வரை எண்ணுங்கள். அப்பாவையும் பக்கத்தில் இருத்தி, அவர் விரலாலேயே எண்ணச் சொல்லுங்கள்.